கரடிக்குப் பயம் காட்டினால் கறி மிஞ்சுமா?

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் மாநிலங்களில் செப்டம்பர் பிறந்தால் எல்க் மான் வேட்டைப் பருவம் தொடங்கும். கூடவே ஒரு புலம்பலும் தொடங்கும். "நாள் முழுக்க மலையேறி, மாலையில் ஒரு கிடாவை வீழ்த்தி, இருட்டிவிட்டதால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் கிரிஸ்லி கரடி மண்ணையும் சருகையும் வாரிப் போட்டு மூடி, அதன் மேலேயே படுத்திருக்கிறது." ஒரு குடும்பத்தின் குளிர்காலக் கறி போயிற்று. இந்த இழப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை. கடையில் மாட்டுக்கறி வாங்காமல் வேட்டைக்கறியிலேயே ஆண்டை ஓட்டும் வீடுகள் அந்த மலைப்பகுதிகளில் நிறையவே உண்டு.

ஆனால் இந்தப் புலம்பலோடு ஒட்டிக்கொண்டு வரும் விளக்கத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. "1975-இல் கிரிஸ்லியைப் பாதுகாக்கப்பட்ட விலங்காக அறிவித்தார்கள். அதன் பிறகு அதைச் சுட ஆளில்லை. மனிதன் மேல் இருந்த பயம் போய்விட்டது. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் ஓடிய கரடி இப்போது சாப்பாட்டு மணி அடித்ததுபோல் வந்து நிற்கிறது. வேட்டையைத் திறந்துவிடுங்கள், பயம் திரும்பும், நம் கறி தப்பும்." வேட்டைக்காரர் கூட்டங்களிலும் மாநில அரசியல்வாதிகளின் பேச்சிலும் இது ஏறக்குறைய கேள்வியே இல்லாத உண்மையாகிவிட்டது. இது வெறும் பேச்சாகவும் நிற்கவில்லை. யெல்லோஸ்டோன் வட்டாரக் கரடிகள் 2017-இல் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும், அடுத்த ஆண்டே 22 கரடிகள் வரை சுட வயோமிங் திட்டமிட்டது. 2018 செப்டம்பரில் நீதிமன்றம் கரடிகளை மீண்டும் பட்டியலில் சேர்த்ததால்தான் அந்த வேட்டை நடக்கவில்லை. கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது.

முதலில் அந்தப் பழைய பயத்தைப் பார்ப்போம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால், இன்றைய அமெரிக்க நிலப்பரப்பில் சுமார் 50,000 கிரிஸ்லிகள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். துப்பாக்கி, பொறி, நஞ்சு என்று எல்லாம் சேர்ந்து, 1975 வாக்கில் எஞ்சியவை ஆயிரத்துக்கும் குறைவு. வாழ்ந்த நிலத்தில் மிஞ்சியது நூற்றுக்கு இரண்டு பங்கு. தாத்தா காலத்தில் மானை மரத்தடியில் போட்டுவிட்டு மறுநாள் சாவகாசமாகப் போய் எடுத்தார்கள் என்றால், அதற்கு அந்த மலையில் கரடியே இல்லாததுதான் காரணம். இல்லாத கரடியைப் பயந்த கரடி என்று ஒரு தலைமுறையே நினைவில் வைத்திருக்கிறது. இன்று யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் மட்டும் ஆயிரம் அளவுக்கு எண்ணிக்கை மீண்டிருக்கிறது. குணம் மாறிவிட்டது என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாமா?

சரி, வேட்டை பயத்தைக் கொடுக்கும் என்றே வைத்துக்கொள்வோம். வேட்டை ஒருநாளும் நிற்காத இடம் ஒன்று இருக்கிறது, அங்கே போய்ப் பார்க்கலாம். அலாஸ்காவின் கோடியாக் தீவுக்கூட்டத்தில், கிரிஸ்லியின் அதே இனமான பழுப்புக் கரடிகள் சுமார் 3,500. கடுமையான கட்டுப்பாட்டோடு ஆண்டுதோறும் ஏறத்தாழ 180 கரடிகள் சுடப்படுகின்றன. வசந்தத்தில் ஒரு பருவம், அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முடிய இன்னொரு பருவம். பயம்தான் மருந்து என்றால், உலகத்திலேயே மான்கறி மிகப் பத்திரமாக இருக்க வேண்டிய இடம் கோடியாக். ஆனால் அங்கே மான் வேட்டைக்குப் போகிறவரிடம் முதலில் சொல்லப்படும் எச்சரிக்கையே கரடி உங்கள் மானைத் தேடி வரும் என்பதுதான். துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கரடி வருகிறது என்ற பேச்சு அங்கேயும் உண்டு. 1999-இல் அந்தத் தீவுகளில் ஒரு மான் வேட்டைக்காரரைக் கரடி கொன்றது. சுமார் 75 ஆண்டுகளில் அங்கே கரடியால் நேர்ந்த ஒரே மனித உயிரிழப்பு அது என்று அலாஸ்கா மீன், வேட்டைத் துறை சொல்கிறது. இவ்வளவு காலம் இத்தனை பேர் தப்பியிருக்கிறார்கள் என்றால், கரடி வரும் என்று எண்ணி நடந்துகொள்ளத் தெரிந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னும் பின்னால் போகலாம். அலாஸ்காவின் உள்நாட்டுக் காடுகளில் அதபாஸ்கன் மக்கள் காலங்காலமாகக் கரடியை வேட்டையாடியவர்கள், துப்பாக்கி வருவதற்கு முன்பிருந்தே. அவர்கள் கறியை எங்கே வைத்தார்கள்? ஆள் உயரத்துக்கு மேல், மரக்கால்களின் மீது கட்டிய சிறு பரணில். ஏறி எடுத்த பிறகு ஏணியை அப்பால் தள்ளிவைத்துவிடுவார்கள். தகரம் கைக்கு வந்த காலத்தில், நகம் பிடிக்காதபடி அந்தக் கால்களைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். மரமே இல்லாத வடகோடியில் இனுயிட் மக்கள் பாறைகளை அடுக்கி, நரியும் வுல்வரினும் புரட்ட முடியாத கனத்தில் கற்குவியல்களை எழுப்பி உள்ளே கறியை வைத்தார்கள். கரடியை ஈட்டியால் எதிர்கொண்ட மனிதர்கள் இவர்கள். தங்களைக் கண்டால் கரடி பயப்படும், அதனால் கறி பத்திரம் என்று இவர்களில் யாரும் சும்மா இருக்கவில்லை.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. சுடப்பட்ட கரடி எதையும் கற்பதில்லை, செத்துப்போகிறது. குட்டியோடு திரியும் தாயை விட்டால் கரடிகள் தனித்தே வாழ்பவை. ஒன்று விழுவதைப் பார்த்துப் பாடம் படிக்கப் பக்கத்தில் இன்னொன்று பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் மான் குடல் குவியலைக் கண்டுபிடித்த கரடி உயிரோடு இருக்கிறது. வயிறு நிரம்ப உண்கிறது. அடுத்த ஆண்டும் அதே பள்ளத்தாக்குக்கு வருகிறது. தாயாக இருந்தால் குட்டிகளையும் கூட்டிவருகிறது.

வேட்டைக் காலத்தில் கரடியின் நடமாட்டம் மாறுவதே இல்லையா என்றால், மாறுகிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. சுவீடனில் பழுப்புக் கரடிகளுக்கு ஆகஸ்ட் கடைசியில் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அங்கே கழுத்துப் பட்டை மாட்டிய கரடிகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள், பருவம் தொடங்கியதும் அவை பகல் நடமாட்டத்தைக் குறைத்து இருட்டில் அதிகம் நடக்கத் தொடங்குவதைக் கண்டார்கள். பயம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எதிர்த்தரப்புக்குக் கிடைக்காது. ஆனால் அது என்ன வேலை செய்கிறது? கரடியை இரவுக்குத் தள்ளுகிறது. வேட்டைக்காரன் கூடாரத்தில் தூங்க, கறி காட்டில் தனியாகக் கிடக்கும் நேரமும் அதே இரவுதான். மனிதனைப் பார்த்துப் பயந்த கரடி, மனிதன் பக்கத்தில் இல்லாத கறியைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும்?

அடுத்து அந்தச் சாப்பாட்டு மணி. இதற்கு நல்ல ஆதாரம் கிடைத்திருப்பது கரடியிடம் இல்லை, அண்டங்காக்கையிடம். க்ரோ ஒயிட் என்ற ஆய்வாளர் வயோமிங்கில் சோதனை செய்து, துப்பாக்கி ஓசைக்குப் பின் அண்டங்காக்கைகள் கூடுவதையும், வேறு பெரிய ஒலிகளுக்கு அவை அப்படி வராததையும் 2005-இல் வெளியிட்டார். கரடிகளைப் பற்றி மார்க் ஹரோல்ட்சனும் மற்றவர்களும் 2004-இல் எழுதியது வேறு விஷயம். எல்க் வேட்டை தொடங்கிய பிறகு யெல்லோஸ்டோன் கரடிகள் பூங்காவின் எல்லையைத் தாண்டி, வேட்டை நடக்கும் பக்கமாகத் திரும்புகின்றன என்பது அது. ஒலியைக் கேட்டோ, வாசனையைப் பிடித்தோ, நாள்காட்டி போலப் பருவத்தை அறிந்தோ, அவை வருவது உண்மை. ஆனால் வந்தவுடன் கிடைப்பது என்ன? வேட்டைக்காரர்கள் ஆண்டாண்டு காலமாக விட்டுவைத்துப் போகும் குடலும் எலும்பும் தோலும். குளிர்கால உறக்கத்துக்கு முன் உடம்பில் கொழுப்பேற்ற, ஒரு பெரிய கரடி நாளுக்கு 20,000 கலோரி வரை தேடித் தின்னும் காலம் அது. முன்பு அதற்கு உதவிய வெண்பட்டைப் பைன் மரங்களைக் கொப்புள நோயும் பட்டை வண்டும் பெருமளவு அழித்துவிட்டன. யெல்லோஸ்டோன் ஏரியில் யாரோ கொண்டுவந்து விட்ட ஏரி ட்ரவுட் மீன், ஓடைகளில் ஏறிவந்த உள்நாட்டு மீனைக் குறைத்துவிட்டது. இந்த நிலையில் ஆயிரக்கணக்கான கிலோ மாமிசத்தை மலையெங்கும் பரப்பி வைத்துவிட்டு, வந்த கரடியைத் திமிர்பிடித்தது என்று சொல்வது நியாயமே இல்லை.

நம் ஊரிலும் இதே வாதம் ஒலிக்கிறது. நீலகிரியில் கரடி கடைக்குள் புகுந்து எண்ணெயைக் குடித்தாலும், சிறுத்தை நாயைத் தூக்கினாலும், 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மிருகங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு என்பார்கள். எச்சில் இலையும் கோழிக்கழிவும் சாலையோரத்தில் மலைபோல் கிடப்பதை அந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. அதனால்தான் எங்கோ இருக்கும் மொன்டானா வாதத்தை நம் வாசகர்களும் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் கறியைக் காப்பது எது? நேரமும் உழைப்பும். இதைச் சொல்வதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. வளர்ந்த எல்க் கிடா 300 கிலோவுக்கு மேல் இருக்கும். எலும்பு நீக்கிய கறி மட்டும் 90, 100 கிலோ தேறும். முதுகில் 30 கிலோ சுமந்தால் ஒரு ஆளுக்கு மூன்று நான்கு நடை, ஒவ்வொரு நடையும் பல கிலோமீட்டர், மலையில். மூஸ் மான் என்றால் கறி மட்டுமே 200 கிலோவைத் தாண்டும். இந்தக் கணக்கைக் குண்டு பாய்ந்த பிறகு போடக் கூடாது, விசையில் விரல் வைக்கும் முன்பே போட்டிருக்க வேண்டும். சூரியன் சாயும் நேரத்தில், தனியாளாக, பொதிக்குதிரை ஒரு நாள் தொலைவில் இருக்கும்போது சுடுகிறவர், அந்தக் கறியில் பாதியைக் கரடிக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் சுடுகிறார்.

விழுந்த இடத்தில் நடப்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். பழகிய கை என்றால் வயிற்றைக் கிழிப்பதில்லை. மானைப் பக்கவாட்டில் கிடத்தி, முதுகுத்தண்டு நெடுகத் தோலை அறுத்து, கீழ்நோக்கி உரித்து, முன்சப்பையை விலா எலும்பிலிருந்து வழித்தெடுக்கிறார்கள். அதற்கு மூட்டுக்கூட அறுக்க வேண்டியதில்லை, கத்தி தானாகச் சறுக்கிப் போகும். பின்தொடையை இடுப்பு மூட்டில் விடுவிக்கிறார்கள். முதுகுக்கறியை ஒரே நீளமாக உருவுகிறார்கள். கழுத்துக்கறி, விலாவின் மேல்கறி. பிறகு புரட்டிப்போட்டு மறுபக்கம். உள்முதுகுக் கறிக்கு மட்டும் விலாவுக்குப் பின்னால் ஒரு சிறு கீறல் போட்டுக் கையை விட்டு எடுத்துக்கொள்கிறார்கள். குடல் உள்ளேயே இருக்கும், நாற்றம் பாதியாகக் குறையும். ஒவ்வொரு துண்டும் காற்றுப் புகும் துணிப்பையில் போகிறது. பையில் கட்டியவுடனே அதை உடல் கிடக்கும் இடத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, தூரத்திலிருந்தே கண்ணில் படும் திறந்த மேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். கரடி வந்தால் முதலில் போகும் இடம் குடலும் எலும்பும் கிடக்கும் இடம்தான். இரண்டையும் ஒரே இடத்தில் விட்டவருக்கு இரண்டும் போகும். இது இவ்வளவு தெளிவாக இருந்தும், வெட்டிய தொடைகளைக் குடல் குவியலுக்குப் பக்கத்து மரத்தில் சாய்த்துவிட்டு முகாமுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்!

இரவு தங்க வேண்டியிருந்தால் தொங்கவிட வேண்டும். தரையிலிருந்து 10 அடி உயரம், அடிமரத்திலிருந்து 4 அடி தள்ளி. கிரிஸ்லி நாட்டுத் தேசியக் காடுகளின் உணவுக் காப்பு விதிகள் சொல்லும் அளவு இது. மரமே இல்லாத இடத்தில் மின்வேலி. நம் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டாலே யானை கருகிக் கிடக்கும் படம்தான் மனத்தில் வரும். ஆனால் நான் சொல்வது வீட்டு மின்சாரத்தைத் திருடிக் கட்டிய கம்பி இல்லை. டார்ச் பேட்டரியில் ஓடி, நொடிக்கு ஒரு தடவை போலச் சுண்டிவிடும், உயிரை எடுக்காத வேலி. முதுகுப்பையில் அடங்கிவிடும். கரடி எதையும் முதலில் ஈரமான மூக்கால்தான் தொட்டுப் பார்க்கும். அந்த மூக்கில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஒருமுறை தைத்தால், உயிரோடு ஓடிப்போய் நினைவில் வைத்திருக்கும். கரடிக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்கிறவர்கள் இந்தக் கம்பியைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள்?

துப்பாக்கிதான் கையில் இருக்கிறதே, கடைசிக் காவல் அதுதானே என்பார்கள். டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் மற்றவர்களும் அலாஸ்காவில் கரடியை எதிர்கொண்ட நிகழ்வுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். 2008-இல் வெளியான ஆய்வில், மிளகாய்ச்சாறு பீய்ச்சும் ஸ்ப்ரே பழுப்புக் கரடிகளின் அத்துமீறலை நூற்றுக்கு 92 முறை நிறுத்தியது. 2012-இல் வெளியான ஆய்வில், கையில் துப்பாக்கி இருந்தவர்களில் அதைச் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயமடைவதில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. முழங்கை வரை ரத்தமும் கொழுப்புமாக, குனிந்து, இரு கைகளிலும் தொடையைப் பிடித்திருப்பவரின் துப்பாக்கி எங்கே இருக்கும்? பக்கத்து மரத்தில் சாய்ந்திருக்கும்.

ஸ்ப்ரே இருந்தால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. 2018 செப்டம்பரில் வயோமிங்கின் டீட்டன் வனப்பகுதியில் ஒரு வழிகாட்டி கொல்லப்பட்டார். முந்தைய நாள் அம்பு தைத்த எல்க்கை மறுநாள் தேடிப் பிடித்து, உரித்துக்கொண்டிருந்தபோது தாய்க்கரடி ஒன்று வந்து தாக்கியது. ஸ்ப்ரே அவரிடம் இருந்தது, பயன்படுத்தவும் செய்தார். கைத்துப்பாக்கி சற்றுத் தள்ளி மூட்டைகளோடு இருந்தது. அந்தக் கரடியையும் கூட வந்த இளங்கரடியையும் அதிகாரிகள் பின்னர் கொன்றார்கள். தன் தொழிலை நன்றாக அறிந்த ஒரு மனிதர் அவர். அவர் மேல் பழிபோட எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் இந்தச் சாவைக் காட்டிக் கரடி வேட்டையைக் கேட்டவர்கள் பேசாமல் விட்ட விஷயம், மானை எய்ததற்கும் உரிப்பதற்கும் நடுவே ஓர் இரவு கழிந்தது என்பது. வில் வேட்டையில் இது அடிக்கடி நேரும். அம்பு பட்ட மான் ஓடும், விரட்டினால் இன்னும் ஓடும், காத்திருக்க வேண்டும், காத்திருந்தால் இருட்டும். போதாக்குறைக்கு வில் வேட்டைக்காரர் காற்றுக்கு எதிராக, ஓசையில்லாமல், அந்தி வேளையில் நடக்கிறார். கரடி நாட்டில் நடப்பவர் எதையெல்லாம் செய்யக் கூடாது என்று சொல்கிறார்களோ, அதையெல்லாம் அவர் தொழில் நிமித்தமாகவே செய்ய வேண்டியிருக்கிறது. 22 கரடியைச் சுட்டாலும் 50 கரடியைச் சுட்டாலும் இந்த இரவு குறையாது.

சட்டம் இந்த விஷயத்தில் அலாஸ்காவில் தெளிவாகவே பேசுகிறது. முறைப்படி வேட்டையாடிய கறி உங்கள் சொத்து, அதை விலங்குகளிடமிருந்து காத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்காக ஒரு விலங்கைக் கொல்ல வேண்டுமானால், அந்தக் கறி போனால் உங்கள் பிழைப்புக்கோ உயிருக்கோ ஆபத்து என்ற நிலை இருக்க வேண்டும். அப்போதும், கறியைச் சரியாகச் சேமிப்பது, விரைவாக எடுத்துச் செல்வது என்று முடிந்ததையெல்லாம் முதலில் செய்திருக்க வேண்டும். உயிரையோ சொத்தையோ காக்கச் சுட்ட கரடியின் தோலையும் மண்டையோட்டையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். கறியை முழுதும் எடுத்த பிறகே கொம்பை எடுத்துச் செல்லலாம் என்ற விதியும் அங்கே உண்டு. ஆண்டுதோறும் கரடி வேட்டைக்கு அனுமதி தரும் மாநிலம் இது. கரடிமேல் அளவு கடந்த கருணை கொண்டு எழுதிய சட்டம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கறியைக் காக்கும் கடமை முதலில் அதை வீழ்த்தியவருடையது என்று அனுபவத்தால் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

மண் மூடிய மானை மீட்கப் போகலாமா என்ற கேள்வியும் எப்போதும் எழும். போகக் கூடாது. திரும்பி வரும்போது தூரத்து மேட்டிலிருந்து தொலைநோக்கியில் பார்க்க வேண்டும். விட்ட இடத்தில் பைகள் இருக்கின்றனவா, புதிதாக ஒரு மண்மேடு தெரிகிறதா, அண்டங்காக்கைகள் உடல்மேல் இறங்கித் தின்கின்றனவா, அல்லது மரக்கிளையிலேயே காத்திருக்கின்றனவா. அவை இறங்காமல் இருந்தால் கீழே ஏதோ படுத்திருக்கிறது என்று பொருள் கொள்வதே நல்லது. கரடி கைப்பற்றிவிட்டால் அது கரடியுடையது. தற்காப்பு என்ற பெயரில் அந்த வட்டாரத்தில் விழும் கிரிஸ்லிகளில் பல, விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் இப்படித் திரும்பிப் போன இடங்களில் விழுந்தவை.

கரடி வேட்டை கேட்டு மாநிலத் தலைநகரில் செலவாகும் பணமும் நேரமும் வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்பதே என் கோரிக்கை. வனப்பாதைகளின் தொடக்கத்திலும் முகாம்களிலும் கறி தொங்கவிட உயரக் கம்பங்கள் வேண்டும். வேலிப்பெட்டி வாங்க முடியாதவர்களுக்கு இரவல் தர ஏற்பாடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுடும் நேரத்தைக் குறைக்க வேண்டும். இப்போது அந்த மாநிலங்களில் சூரியன் மறைந்து அரைமணி வரை எல்க்கைச் சுடலாம். கிரிஸ்லி நடமாடும் பகுதிகளில் மட்டுமாவது பிற்பகல் இரண்டு மணியோடு அதை நிறுத்தலாம். எல்க் வெளியே வருவதே அந்தியில்தான், அந்த நேரத்தை எடுத்துக்கொண்டால் வேட்டை பாதியாகிவிடும் என்று கோபப்படுவார்கள். அந்த அந்தியில் வீழ்த்தும் மான்களில் எத்தனை முழுதாக வீடு வந்து சேர்கின்றன என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். விடியற்காலையும் எல்க் வெளியே வரும் நேரம்தான், அப்போது சுட்டால் உரித்து, கூறுபோட்டு, சுமந்து இறக்க ஒரு முழுப் பகல் கையில் இருக்கும்.